கேட்பவர்களின் களைப்பு: மனநலப் பணியில் பர்ன்அவுட் எங்கே தொடங்குகிறது, எங்கே தடுக்கலாம்

மனநலப் பணியில் இருப்பவர் தளர்ந்துபோனால் சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது, "ஒரு வாரம் லீவு போடுங்க." லீவு போடுகிறார், நன்றாகத் தூங்குகிறார், முகம் தெளிகிறது. திரும்பி வந்த மூன்றாம் நாளே பழைய கனம் தோளில் ஏறிவிடுகிறது. லீவு தூக்கக் கடனை அடைக்கும். எழுதாமல் கிடக்கும் கேஸ் நோட்ஸையும், மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கப்பட்ட அப்பாயின்ட்மென்ட்டுகளையும் அது தொடுவதில்லை. பர்ன்அவுட், அதாவது வேலையாலேயே உள்ளுக்குள் வற்றித் தீர்ந்துபோகும் நிலை, பெரும்பாலும் வேலை அமைந்திருக்கும் விதத்திலிருந்து வருவது. அதனால் தற்காப்பின் பெரும்பகுதியும் வேலை நேரத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். மாலை நடை, தியானம், இசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பர்ன்அவுட் என்ற கருத்து பிறந்ததே இப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தன்னார்வலர்களோடு வேலை செய்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்தவர்கள் சில மாதங்களில் எரிச்சலும் வெறுமையுமாக மாறுவதைக் கவனித்து 1974-ல் எழுதினார். பின்னர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981-ல் 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். அது மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறது: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் 'கேஸ்' ஆகப் பார்ப்பது, தன் வேலையால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு, 2022 முதல் நடைமுறையில் இருப்பது, பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாக, தொழில் சார்ந்த நிகழ்வாக மட்டுமே வைக்கிறது.

மனநலப் பணியாளர்களைப் பற்றிய 62 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஒரு மதிப்பீட்டில், உணர்வு வற்றிப்போனவர்கள் சராசரியாக 40 சதவீதம், மற்றவர்களிடமிருந்து விலகிப்போனவர்கள் 22 சதவீதம், சாதனை உணர்வு குறைந்தவர்கள் 19 சதவீதம். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். வற்றிப்போன பலர் தங்கள் வேலை பயனுள்ளது என்று இன்னும் நம்புகிறார்கள் என்றே அதைப் படிக்கத் தோன்றுகிறது. "எனக்கு இந்த வேலை பிடிக்கும், அதனால் எனக்கு பர்ன்அவுட் வராது" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

எந்தக் களைப்பு?

எல்லாக் களைப்பையும் பர்ன்அவுட் என்று அழைத்தால் தவறான மருந்தைத் தேடுவோம். குறைந்தது நான்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பர்ன்அவுட் மெதுவாக, மாதக்கணக்கில் ஏறுவது. ஞாயிறு மாலையே வயிற்றில் ஒரு பிசைவு; யாராவது அப்பாயின்ட்மென்ட்டை ரத்துசெய்தால் மனதுக்குள் கொண்டாட்டம்; ஒருவர் அழும்போது கண் கடிகாரத்துக்குப் போவது; "இவங்க மாறவே மாட்டாங்க" என்று டீ இடைவேளையில் சொல்லிச் சிரிப்பது. இதற்கான மருந்து பணிச்சுமையிலும், அதன் மீது நமக்கு இருக்கும் கட்டுப்பாட்டிலும் இருக்கிறது.

இரண்டாம்நிலை மன அதிர்ச்சி வேறு. அது ஒரே ஒரு கேஸிலிருந்தும், ஒரே நாளிலும் வரலாம். கேட்ட சம்பவம் தனக்கு நடந்ததுபோலப் படமாக வந்து நிற்பது, தூக்கத்தில் திடுக்கிடுவது, அந்த விவரத்தை நினைவூட்டும் தெருவைத் தவிர்ப்பது, தன் பிள்ளையைத் தனியே வெளியில் அனுப்பத் திடீரெனப் பயப்படுவது. 2013-ல் வந்த, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, தொழில் காரணமாக இத்தகைய விவரங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆட்படுவதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உருவாகும் வழிகளில் ஒன்றாக ஏற்கிறது. இதற்கு கேஸ் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது; மன அதிர்ச்சிக்கான சிகிச்சையே தேவைப்படலாம்.

மூன்றாவது, அறநெருக்கடி. எது சரி என்று தெரிந்தும் அமைப்பு அதைச் செய்யவிடாத நிலை. அறவியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜேமிட்டன் 1984-ல் செவிலியர்களைப் பற்றி எழுதியபோது இதை வரையறுத்தார். படுக்கை இல்லை என்று ஆபத்தில் இருப்பவரைத் திருப்பி அனுப்புவது, ஆள் பற்றாக்குறையால் ஒருவரைக் கட்டிவைப்பது, ஆறு அமர்வுக்கு மேல் அனுமதி இல்லை என்பதால் பாதியில் நிறுத்துவது. இங்கே மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் கோபம்தான் வரும், அந்தக் கோபம் நியாயமானதும்கூட. நடந்ததைத் தேதியோடு எழுத்தில் பதிவுசெய்வது, குழுவாக மேலிடத்துக்குக் கொண்டுபோவது, எந்த முடிவு தன்னுடையது, எது தன்னுடையதில்லை என்று மேற்பார்வையில் (அனுபவமுள்ள ஒருவரோடு தன் கேஸ்களைப் பற்றி ஒழுங்காகப் பேசும் சந்திப்பில்) பிரித்துப் பேசுவது ஆகியவை உதவும்.

நான்காவது மனச்சோர்வு நோய். பர்ன்அவுட்டின் தொடக்கக் கட்டத்தில் வேலை தவிர மற்றவற்றில் ருசி மிச்சமிருக்கும். நண்பர்கள், பிடித்த பாட்டு, சாப்பாடு எதுவுமே ஒட்டவில்லை, காலையில் எழும்போதே பயனற்றவர் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைப்பு என்றால் அது வேலைப் பிரச்சினை என்று தள்ளிப்போடக் கூடாதது; அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டியது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தும் வரும்.

குணமானவர்கள் கண்ணில் படுவதில்லை

இந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. பட்ரீசியா கோஹனும் ஜேக்கப் கோஹனும் 1984-ல் இதை மருத்துவரின் மாயத்தோற்றம் என்று விளக்கினார்கள். ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓராண்டில் ஒரு கிளினிக்குக்கு 100 பேர் வருகிறார்கள். ஆண்டு முழுக்கப் பரவலாக வரும் 90 பேர் ஆளுக்கு இரண்டு மாதத்தில் தேறிப் போய்விடுகிறார்கள். 10 பேர் ஆண்டு முழுவதும் தொடர்கிறார்கள். ஏதாவது ஒரு நாளில் பட்டியலை எடுத்தால், சீக்கிரம் தேறுபவர்கள் சுமார் 15 பேர்தான் அதில் இருப்பார்கள். நீண்டகாலம் தொடர்பவர்கள் 10 பேரும் இருப்பார்கள். மொத்தத்தில் 10 சதவீதமாக இருப்பவர்கள் அன்றாடப் பட்டியலில் 40 சதவீதம் ஆகிவிடுகிறார்கள். தேறியவர் வருவதை நிறுத்திவிடுகிறார், பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லாமலே. தேறாதவர் வந்துகொண்டே இருக்கிறார். சில ஆண்டுகள் இப்படிப் போனால் 'யாருமே மாறுவதில்லை' என்ற எண்ணம் அனுபவ அறிவு போலவே தோன்றும்.

இதற்கு மாற்று நேர்மறைச் சிந்தனையில் இல்லை, பதிவில் இருக்கிறது. பெயரில்லாமல், குறியீட்டு எண்ணோடு, முடிந்த கேஸ்களுக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்: வந்தபோது இருந்த நிலை ஒரு வரி, முடிந்தபோது இருந்த நிலை ஒரு வரி. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவம் போன்ற ஏதாவது அளவை முதல் அமர்விலும் கடைசியிலும் எடுத்திருந்தால் இரண்டு எண்களையும் சேர்த்து எழுதலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளைப் படியுங்கள். நிறுவனம் அனுமதித்தால், முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு தொலைபேசி விசாரிப்பு, அதுவும் முதலிலேயே அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தால் மட்டும்.

வாரத்தின் கணக்கு

'ஒரு வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம்' என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். எண்ணைவிடக் கணக்கு முக்கியம். 50 நிமிட அமர்வுகள் 20 என்று வையுங்கள்: 16 மணி 40 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் நோட்ஸ் எழுத 15 நிமிடம் என்றால் 5 மணி நேரம். அமர்வுகளுக்கு இடையே 10 நிமிடம் என்றால் 3 மணி 20 நிமிடம். இதுவே 25 மணி நேரம். குழுக் கூட்டம், கடிதங்கள், குடும்பத்தாரின் அழைப்புகள், மேற்பார்வை, திடீரென வரும் நெருக்கடிகள் எல்லாம் சேர்த்து 10 மணி நேரம் என்றால் 35. இப்போது அமர்வுகளை 28 ஆக்குங்கள். மற்றது எதுவும் மாறாமலே 45 மணி நேரம் ஆகிவிடும். கால அட்டவணையில் 'எட்டு பேர்தானே கூடுதல்' என்றுதான் தெரியும். அந்தக் கூடுதல் 10 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? முதலில் இடைவெளிகளிலிருந்து, பிறகு மதியச் சாப்பாட்டிலிருந்து, கடைசியில் வீட்டில் இரவு நோட்ஸ் எழுதும் நேரத்திலிருந்து. மேலாளரிடம் பேசும்போது 'களைப்பாக இருக்கிறது' என்பதைவிட இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுவது எடுபடும்.

எண்ணிக்கையோடு எடையையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேஸுக்கும் 1 முதல் 3 வரை ஓர் எடை கொடுங்கள். வழக்கமான தொடர் அமர்வு 1. சிக்கலான குடும்பச் சூழல் 2. தற்கொலை எண்ணம், பாலியல் வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை, நம்மையே தாக்கிப் பேசுபவர் 3. எது 3 என்பது ஆளுக்கு ஆள் மாறும். அண்மையில் கருக்கலைவைச் சந்தித்த ஆலோசகருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு கேஸ் எப்போதும் 3 தான். 3-ஐ அடுத்து 3 வராமல் பார்ப்பது, நாளின் கடைசி இடத்தில் 3-ஐ வைக்காமல் இருப்பது, புதிய 3-ஐ எடுக்கும் முன் பழையது ஒன்றின் நிலையைப் பரிசீலிப்பது என்று மூன்று விதிகள் இருந்தாலே அட்டவணையின் முகம் மாறும். வெள்ளிக்கிழமை மாலை கடைசி அமர்வில் ஆபத்தான செய்தி வெளிவந்தால், உதவிக்கு அழைக்க அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

பத்து நிமிட இடைவெளி பறிபோவதற்குப் பெரும்பாலும் காரணம் நாமேதான். முக்கியமான விஷயத்தைக் கதவருகில் நின்றபடி சொல்வது வருபவர்களின் பழக்கம். எவ்வளவு நேரம் மீதமிருக்கிறது என்று நாம் சொல்லாததால் அவர்கள் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். 40-ஆவது நிமிடத்தில், "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. இன்னைக்குச் சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும். இடைவெளி கிடைத்ததும் முதல் ஐந்து நிமிடம் நோட்ஸின் எலும்புக்கூட்டை எழுதிவிடுங்கள்: ஆபத்து நிலை, இன்று நடந்தது, அடுத்து செய்ய வேண்டியது. எழுதாத விவரத்தை மூளை மறக்காமல் பிடித்துவைத்திருக்க முயலும். அடுத்தவர் பேசும்போது குறுக்கே வருவது அதுதான். மீதி நேரத்தில் எழுந்து நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள். போனை எடுத்தால் இடைவெளி போயிற்று.

கேட்கும் விதம்

'அவர் நிலையில் உன்னை வைத்துப் பார்' என்பது இந்தத் தொழிலின் முதல் பாடமாகச் சொல்லப்படுகிறது. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. உளவியலாளர் டேனியல் பேட்சனும் சகாக்களும் 1997-ல் வெளியிட்ட சோதனையில், துன்பப்படுபவர் எப்படி உணர்வார் என்று கற்பனை செய்தவர்களிடம் பரிவு எழுந்தது. அந்த இடத்தில் தான் இருந்தால் என்று கற்பனை செய்தவர்களிடம் பரிவோடு சேர்ந்து சொந்த வேதனையும் எழுந்தது. மூளை ஆய்வாளர்கள் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி இருவரின் ஆய்வுகளும் இதே திசையில் போகின்றன: மற்றவர் வலியைத் தனக்குள் பிரதியெடுக்கும் பயிற்சி எதிர்மறை உணர்வைக் கூட்டியது, அவர் நலத்தை விரும்பும் கருணைப் பயிற்சி அதற்கு நேர்மாறாக வேலை செய்தது.

அமர்வில் இதை எப்படிச் செய்வது? கொடூரமான விவரம் வரும்போது மனதில் ஓடும் படத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று கவனியுங்கள். அந்த அறைக்குள் நாமே படுத்திருந்தால், படத்திலிருந்து வெளியே வந்து எதிரே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். 'இவருக்கு இந்த நிமிடம் என்ன தேவை?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாதங்கள் தரையில் பதிந்திருக்கட்டும். இறுகிய தாடையைத் தளர்த்துங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். அவர் குனிந்து சுருங்கும்போது நம் உடலும் தானாகச் சுருங்கும். நிமிர்ந்துகொள்வதால் அக்கறை குறைந்துவிடாது. சிகிச்சைக்குத் தேவையில்லாத விவரத்தைத் துருவிக் கேட்காமல் இருப்பது அவருக்கும் நல்லது.

சக பணியாளரிடம் கொட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். வராந்தாவில் பிடித்து நிறுத்தி முழு விவரத்தையும் இறக்கினால் சொன்னவருக்குச் சற்று லேசாகும். கேட்டவர் அதைச் சுமந்துகொண்டு தன் அடுத்த அமர்வுக்குள் நுழைவார். "ஒரு கனமான கேஸ். பத்து நிமிஷம் பேசலாமா, இப்ப முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். சம்மதித்தால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்பதிலிருந்து தொடங்குங்கள். காயத்தின் விவரம் பெரும்பாலும் தேவையே படாது.

மேற்பார்வை

பிரிட்டனில் ஆலோசகர்கள், உளசிகிச்சையாளர்களுக்கான சங்கமான பிஏசிபி, பணியில் இருக்கும், தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேர மேற்பார்வையைக் கேட்கிறது. பிரிஜிட் பிராக்டரின் வகுப்புப்படி மேற்பார்வைக்கு மூன்று வேலைகள்: தரத்தைக் கவனிப்பது, திறனை வளர்ப்பது, பணியாளரைத் தேற்றுவது. பல இடங்களில் முதலாவது மட்டும் நடக்கிறது: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படிவம் பாக்கி. சம்பள உயர்வைத் தீர்மானிப்பவரே மேற்பார்வையாளராகவும் இருந்தால் யாரும் தங்கள் தடுமாற்றத்தைச் சொல்ல மாட்டார்கள். நன்றாகப் போகும் கேஸை மட்டும் கொண்டுபோவார்கள். இரண்டையும் இருவரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொண்டுபோகும் கேஸைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: யாரைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறதோ அவரே இந்த மாதத்தின் கேஸ்.

மேற்பார்வையாளர் கிடைக்காத இடத்தில் சகாக்கள் நான்கைந்து பேர் கூடலாம். லண்டனில் 1950-களில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் மருத்துவர்களோடு நடத்திய குழுக்களின் வழி இன்றும் பயன்படுகிறது: ஒருவர் ஒரு கேஸைக் குறிப்பு பார்க்காமல் பத்து நிமிடம் சொல்கிறார், விளக்கம் கேட்பது முடிந்ததும் அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னே தள்ளி மௌனமாகிறார், மற்றவர்கள் அந்த உறவைப் பற்றிப் பேசுகிறார்கள். அறிவுரை கூடாது என்பது விதி. அதைக் காப்பாற்ற ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் இரண்டாவது கூட்டத்திலேயே அது அறிவுரை மன்றமாகிவிடும்.

சிகிச்சையில் இருந்தவர் தற்கொலை செய்துகொள்வது இந்தப் பணியின் மிகக் கடுமையான அடி. நடந்த உடனே எல்லோரையும் கட்டாயமாக உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒற்றை அமர்வு முறை பயன் தருவதாக நிரூபணமாகவில்லை. சிலருக்குத் தீங்காகலாம் என்று எச்சரிக்கும் ஆய்வுகளும் உண்டு. அதைவிட, செய்தியைச் சிகிச்சை அளித்த பணியாளருக்கு மெயிலில் அனுப்பாமல் நேரில் சொல்வது, அன்றைய மீதி அமர்வுகளை வேறொருவர் ஏற்பது, அடுத்த சில வாரங்களுக்கு அதே வகை ஆபத்துள்ள புதியவரை அவரிடம் அனுப்பாமல் இருப்பது, கேஸ் பரிசீலனையைக் குற்ற விசாரணை ஆக்காமல் நடத்துவது ஆகியவையே முக்கியம். முதல் வாரத்தில் எல்லோரும் விசாரிப்பார்கள். ஒரு மாதம் கழித்து விசாரிக்க ஆளிருக்காது. அந்தத் தேதியை முன்பே ஒருவர் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். பழைய நோட்ஸில் எதையும் திருத்தக் கூடாது, நல்லெண்ணத்திலும்கூட.

வேலை முடிந்த பிறகு

பணி உளவியலாளர்கள் சபீன் சொனென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007-ல் வேலைக்குப் பிந்தைய மீட்சியை நான்காகப் பிரித்தார்கள்: வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்வு, வேறு ஒன்றில் தேர்ச்சி பெறுவது, நேரத்தின் மீது சொந்தக் கட்டுப்பாடு. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாள் முழுக்க முடிவு தெரியாத வேலை செய்பவருக்கு, கையால் செய்து முடித்துக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று தேவை; தோட்டமோ தச்சு வேலையோ எதுவானாலும் சரி. சோபாவில் சாய்ந்து போனை உருட்டுவதில் தளர்வு கொஞ்சம் உண்டு. விலகல் இல்லை, குறிப்பாக சிகிச்சைக்கு வருபவர்களின் செய்திகளும் அதே போனில் வந்துகொண்டிருந்தால். வேலைக்குத் தனி எண் வைத்து, எந்த நேரத்தில் பதில் கிடைக்கும், நெருக்கடியில் யாரை அழைக்க வேண்டும் என்பதை முதல் அமர்விலேயே எழுதிக் கொடுங்கள். இரவு 11 மணிக்கு ஒருமுறை பதில் சொன்னால், அடுத்த முறை வரும் மௌனம் புறக்கணிப்பாகப் படும். வேலையை மூடக் கடைசிப் பத்து நிமிடம்: கவலை தரும் கேஸ்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை யார், எப்போது, என்ன செய்வார் என்று குறிப்பது. 'செய்ய ஒன்றுமில்லை' என்பதையும் எழுதலாம்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று: இந்தத் தனிநபர் வழிகளின் பலன் சிறியது. மருத்துவர்களிடம் நடந்த தலையீடுகளைத் தொகுத்து 2017-ல் மரியா பனாகியோட்டி குழு வெளியிட்ட ஆய்வில், நிறுவனம் வேலையை மாற்றியமைத்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களைச் சுட்டினார்கள்: சுமை, கட்டுப்பாடு, அங்கீகாரம், சக பணியாளர் உறவு, நியாயம், மதிப்பீடுகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனவிழிப்புப் பயிற்சி வகுப்பு வைக்கும் நிறுவனம் இந்த ஆறில் எதையும் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

தன் நிலையை அறிய, பெத் ஹட்னல் ஸ்டாம் உருவாக்கிய 30 கேள்விப் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த 30 நாள்களை வைத்து, பணி தரும் நிறைவு, பர்ன்அவுட், இரண்டாம்நிலை அதிர்ச்சி மூன்றையும் தனித்தனியே காட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்பி முந்தையதோடு ஒப்பிடுங்கள். மேலாளர் கைக்குப் போகும் என்று தெரிந்தால் யாரும் உண்மையாக நிரப்ப மாட்டார்கள். அது உங்களிடமே இருக்கட்டும்.

விடுப்பில் போக வேண்டிவந்தால் திரும்பும் திட்டத்தையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் வழக்கமான அமர்வுகளில் பாதி, எடை 3 கேஸ் எதுவும் இல்லை. அடுத்த இரண்டு வாரம் முக்கால் பங்கு, ஒரே ஒரு 3. அதன்பின் முழு அளவு. இடையில் வாரம் ஒருமுறை பரிசீலனை. முழு அளவு என்பது விழுவதற்கு முன்பிருந்த அளவாக இருக்கக் கூடாது. அதை முதல் நாளே மேலாளரோடு பேசி எண்ணாகக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுப்பின்போது வேறொருவரிடம் போன கேஸ்கள், வருபவரே கேட்டாலன்றி, அங்கேயே தொடரட்டும்.